ஊரார் இடுப்பளவும் என் இடுப்பளவும்

காலை ஆறரை மணிக்கு அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, உதை வாங்காமல் திரும்பி வருவதுதான் என் தொழில்.

மீட்டர் பார்க்கிறவர்கள், இன்சூரன்ஸ் பிடிக்கிறவர்கள், கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்ட வாத்தியார்கள் என்று கதவைத் தட்டிப் பிழைக்கும் சக பாவிகள் அனைவருக்கும் இந்தக் கஷ்டம் புரியும். நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்காக மண்ணூர், பென்னலூர், படப்பை பக்கம் குறித்து வைத்த அதே வீடுகளுக்கு வருடா வருடம் போகிறேன். இங்கே லாரிப் புழுதியும் கம்பெனிப் புகையும் உண்டு, வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கு நடுவில் வருடக்கணக்காக வாழ்கிற உடம்பில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தொப்பை எல்லாம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. என்னோடு வருபவர் ஸ்டெல்லா சிஸ்டர். ரத்தம் எடுப்பது அவர் வேலை. இடுப்பை அளப்பது, கேள்வி கேட்பது, மெஷின் சுமப்பது, திட்டு வாங்குவது என் வேலை. சேகர் என்ற என் பெயர் எந்தத் தெருவிலும் யாருக்கும் தெரியாது. நான் 'டேப்பு சார்'.

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக இந்த வட்டாரத்து இடுப்புகளை எல்லாம் அளந்து எழுதிய நான், எழுதாமல் விட்டது என் இடுப்பு ஒன்றைத்தான். சர்க்கரையும் பார்த்துக்கொண்டதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கடைசி ஆறு வருடம் அவருக்குக் கண் தெரியவில்லை. சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டியது நான்தான். எனக்கு இப்போது முப்பத்தொன்பது. கொஞ்ச நாளாக ஓயாத தாகம், அசதி, அடிக்கடி ஒன்றுக்கு. எல்லாம் வெயில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயிலில் அலைந்தால் ஒன்றுக்குப் போவது குறையுமே தவிர அதிகமாகாது என்று தெரியாதவன் இல்லை. பயம், வேறொன்றுமில்லை.

வெறும் வயிறு

ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாளே போன் செய்து, "காலையில எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி மட்டும்தான்" என்று சொல்லிவிடுவேன். பென்னலூர் வசந்தா அக்காவுக்கும் சொன்னேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. காலையில் போய் உட்கார்ந்ததும், "எதுவும் சாப்பிடலையே?" என்றேன். "இன்னா சார் இப்படி கேக்கறீங்க, பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார். ஸ்டெல்லா சிஸ்டர் ஊசியைப் பிரித்துவிட்டார். அப்போதுதான் அடுப்படித் திண்டின் மேல் இருந்த டம்ளரை நான் பார்த்தேன். அடியில் ஒரு பிஸ்கட் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.

"டீ குடிச்சா வெறும் வயிறு இல்லக்கா. நாளைக்கு வரோம்" என்றேன், வாத்தியார் தோரணையில். இந்த வசனத்தை நான் வாரத்துக்கு நாலு வீட்டிலாவது சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவர் எனக்காகப் போட்டு வைத்திருந்த டீயை வாங்கிக் குடித்தேன். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு காலையில் ஏழு வீடு என்றால் ஏழு டீ, எல்லாம் விருந்தாளிக்கென்று சர்க்கரை தூக்கலாகப் போட்டது. அக்கா நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீயெல்லாம் ஒரு சாப்பாடா சார்? சாப்பாடு இல்லாதவன்தான அத்த குடிக்கிறான்?"

ராத்திரி என்றால் என்ன?

கோதண்டம் அண்ணன் மண்ணூர்க்காரர். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் ஃபர்னஸ் பக்கத்தில் பதினோரு வருடமாக நிற்கிறார். ஆள் ஒல்லி. என் டேப்பை அவர் இடுப்பில் சுற்றினால் மீதி முழங்கால் வரை தொங்கும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நான் முதல்முறை போனபோது அவருக்கு சி ஷிப்ட், அதாவது ராத்திரி வேலை.

எங்கள் படிவத்தில், 'இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் கழித்து' என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸை விட்டு ஏழு மணிக்கு இறங்கியவரிடம், "நைட்டு எப்ப சாப்பிட்டீங்கண்ணா?" என்றேன். "ரெண்டரைக்கு, கேன்டீன்ல எலுமிச்சஞ்சோறு" என்றார். அது இரவு உணவா, மறுநாள் காலை உணவா என்று எனக்குத் தெரியவில்லை. சரி, தூங்கி எழுந்த பிறகு வரட்டுமா என்றால், அவர் இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், ரெண்டு மணிக்கு எழுவார், கணக்கில் எட்டு மணி நேரம் வரவில்லை. சாப்பிடாமல் படுங்களேன் என்றேன். ஃபர்னஸ் முன்னால் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட் தழும்பு இருந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல உங்க ஃபாரத்துல ராத்திரின்னா இன்னான்னு எழுதச் சொல்லு சார். அப்பால நான் பட்டினி கெடக்கறேன்."

பஜ்ஜி வாசனை

எங்களிடம் ஒரு தோள்பை இருக்கிறது. உள்ளே சின்ன பம்ப். ஒருவர் மூச்சு விடும் காற்றை அவர் கூடவே போய் இழுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் தூசியைப் பிடித்து வைக்கும். ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும். படப்பை மல்லிகாவிடம் கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போய், ஒரு கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்க்கிற பெண். மறுநாள் பையைத் திறந்தால் காகிதம் கன்னங்கரேல். அதுவரை அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததில்லை. இந்த வட்டாரத்திலேயே மோசமான காற்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்பு விரிந்தது. நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். நாளைக்கு இது பெரிய கட்டுரையாக வரும், என் பெயரும் ஓரத்தில் வரும் என்று ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொன்னேன். அவர் காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோய், "மிளகாய் பஜ்ஜி" என்றார்.

நடந்தது இதுதான். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, இரைச்சல் போடுகிற பையை உள்ளே விடவில்லை. மல்லிகா அதை ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கடைக்காரர் குமார், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று அதைத் தன் கண் முன்னாலேயே, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டார். எட்டு மணி நேரமும் அது அங்கேயே மூச்சு விட்டிருக்கிறது. நான் நேராகக் கடைக்குப் போய், ஒரு நாள் வேலையே பாழ் என்று குதித்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்:

"அப்போ அந்தக் கறுப்பு முழுக்க என் நெஞ்சுக்குள்ள போற காத்து. என்னை எதுக்கு சார் உங்க நோட்டுல எழுதல?"

வெந்த பொத்தான்

இன்னொரு கருவி, வீட்டுக்குள் இருக்கும் சூட்டைத் தானே குறித்துக்கொள்ளும். பெரிய கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். படுக்கிற அறையில், தலை உயரத்தில் மாட்டிவிட்டு வருவோம். வசந்தா அக்கா வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரையில் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் என் படிவம் கையிலேயே நனைந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பொத்தானை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால், முதல் இரண்டு நாள் கொதிக்கிறது, மூன்றாம் நாளிலிருந்து குளுகுளுவென்று இருக்கிறது. ஏசி வாங்கிவிட்டார்கள் என்று எழுதினேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

நேரில் போனபோது ஏசி இல்லை. மாட்டிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பொத்தானை ஒரு ஈரத்துணியில் சுற்றி, மண்பானைக்கும் சுவருக்கும் இடையில் வைத்திருந்தார்களாம். எடுக்கப் போன எங்கள் ஆபீஸ் ஆளிடம் துடைத்து, திரும்ப ஆணியில் மாட்டிக் காட்டியிருக்கிறார்கள். "ஏன்க்கா இப்படி?" என்றேன். அவர் முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு நாளா வெந்துகினு கெடந்துச்சி சார், பாக்கவே பாவமா இருந்துச்சி. நாங்கன்னா பழகிட்டோம்."

மூச்சு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபீசில் பயிற்சி நாள் வரும். எல்லோருடைய டேப்பும் ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்க்க, நாங்கள் ஒருவரை ஒருவர் அளக்க வேண்டும். நான் எப்போதும் அளக்கும் பக்கம் போய் நின்றுகொள்வேன். அன்றைக்கு அளக்கப்பட ஆள் குறைந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினார்.

இடுப்பளவு எடுக்கும்போது சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு நிற்க வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவன் நான். டேப்பு மேலே பட்டதும் என் வயிறு தானாக முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது. அரை நிமிடம் ஆயிற்று. முகம் சிவந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். போன் வருகிற மாதிரி பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தேன். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா விஷயம் அவருக்குத் தெரியும். என் காதருகில் மெதுவாகச் சொன்னார்:

"மூச்ச விடுங்க சேகர். நீங்க விடற வரைக்கும் நான் டேப்ப எடுக்க மாட்டேன்."

பத்து வருடக் கேள்வி

அன்றைக்கு எப்படியோ தப்பித்து வெளியே ஓடிவிட்டேன். ஆனால் கோதண்டம் அண்ணனிடம் தப்ப முடியவில்லை. முந்தின வருடம் ஒருவழியாக மத்தியானம் போய் ராத்திரி திரும்புகிற அவருடைய பி ஷிப்ட் வாரத்தில் ரத்தம் எடுத்திருந்தோம். சர்க்கரை அதிகமாக இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டும் கொடுத்தோம். இந்த வருடம் போனபோது அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே மடங்கி இருந்தது. ஆள் இன்னும் இளைத்திருந்தார்.

"ஏண்ணா போகல?" என்றேன். "நான் ஒரு கேள்வி கேக்கறேன், பதிலு சொல்லு. அப்பால போறேன்" என்றார். "எங்க வம்சத்துலயே யாருக்கும் சுகர் கெடையாது. நான் ஒல்லி. ஸ்வீட்டு தொடறதில்ல. எனக்கு எப்படி வந்துச்சி? அந்த ஃபர்னஸ் சூடா? ரோட்டுப் புழுதியா? தூக்கம் கெட்டதா?" நல்ல கேள்வி. அதற்குத்தானே இத்தனை மெஷின். "இவையெல்லாம் சேர்ந்து காரணமா இருக்கலாம்னு சந்தேகம்தாண்ணா. உங்களுக்கு இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் பத்து வருஷம் இப்படியே பார்த்தா கொஞ்சம் தெளிவாகும்" என்று படிவத்தில் இருந்த மாதிரியே சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டார். இந்த வருடம் ரத்தம் தரப்போவதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று படித்துக் காட்டியதே நீதானே என்றார். சரி, உங்க இஷ்டம்ணா, ஆனா சீட்ட எடுத்துகிட்டு ஆஸ்பத்திரிக்காவது போங்க, கண்ணுக்கு வந்துடும் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை என் பெல்ட்டில் வந்து நின்றது.

"நீ பாத்துக்கினியா சார்? பாக்கல இல்ல? நீ இன்னிக்கி குடு, நானும் குடுக்கறேன்."

டேப்பு சாரின் முறை

ஸ்டெல்லா சிஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மூன்று வருடமாக ஊரில் உள்ளவர்களை நான் உட்காரவைத்த அதே மாதிரி நாற்காலி. உட்கார்ந்தேன். கோதண்டம் அண்ணன் எனக்கு எதிரே நின்று, நான் எல்லோரிடமும் ஒப்பிக்கிறதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தார்: "ஊசி குத்தும் இடத்தில் லேசான வலி இருக்கலாம். தாங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம்." அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, அந்தச் சின்ன மெஷின் யோசிக்க எடுத்துக்கொண்ட சில நொடிகள். அந்த நொடிகளில் அப்பாவின் கை தட்டைத் தேடுவது எனக்குத் தெரிந்தது.

இருநூற்று எழுபத்தெட்டு. சிஸ்டர் எண்ணைச் சொல்லவில்லை, மெஷினை என் பக்கம் திருப்பினார். மெஷின் கெட்டுவிட்டது என்றேன். கை கழுவவில்லை, விரலில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்றேன். நேற்று சரியாகத் தூங்கவில்லை, வெயில் வேறு என்றேன். ஊரில் கேட்ட சாக்கு ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "வர்ற வழியில ஒரே ஒரு டீ குடிச்சேன், அதான்" என்றேன். அந்த ஒரு டீ உண்மையில் மூன்று டீ, அது வேறு விஷயம். கோதண்டம் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு, என் தோரணையை அப்படியே வாங்கிச் சொன்னார்:

"டீ குடிச்சா வெறும் வயிறு இல்ல சார். நாளைக்கு வாங்க."

வரிசை

நாளைக்கு வந்தேன். டீ இல்லாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு. பைக்கில் வரும்போது பின்னால் வந்த டிரெய்லர் லாரி கிளப்பிய புழுதியைக் கூட விழுங்காமல் வாயை மூடிக்கொண்டு வந்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. வெறும் வயிற்றில் நூறைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். இந்த முறை மெஷின் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. கோதண்டம் அண்ணன் சட்டைக்கையை மடித்து நீட்டினார். அவருடையது என்னுடையதை விடக் கொஞ்சம் அதிகம். சிஸ்டர் இரண்டு சீட்டு எழுதினார். ஒன்றில் கோதண்டம், இன்னொன்றில் சேகர். அந்தத் தெருவில் என் பெயர் முதல்முறையாக அன்றைக்குத்தான் எழுத்தில் வந்தது.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். சர்க்கரை மாத்திரைக்குத் தனி வரிசை. எங்கள் முன்னால் இருபது பேர். திரும்பிப் பார்த்த முகங்களில் பாதி என் நோட்டில் இருக்கிறவை. வசந்தா அக்கா இருந்தார். நடுவில் டீக்கடை குமார் கூட நின்றிருந்தார். "என்ன டேப்பு சார், இங்கயும் அளக்க வந்துட்டீங்களா?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆபீஸ் வேலையாக வந்த மாதிரி பையைத் தோளில் சரிசெய்துகொண்டேன். கால் வாசலைப் பார்த்து அரை அடி நகரவும் செய்தது. கோதண்டம் அண்ணன் என் பை வாரைப் பிடித்துக்கொண்டார். சி ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக வந்து நின்றவர்.

"பத்து வருசம் கழிச்சி பதிலு வரும்னு சொன்னல்ல? அத்த கேக்கறதுக்கு நாம ரெண்டு பேரும் இருக்கணும், கண்ணு தெரிய இருக்கணும். வா சார், லைனு நகருது."

மூன்று வருடம், இத்தனை மெஷின், இத்தனை வீடு என்று அலைந்ததில் நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்த ஒரே விஷயம், டீ குடித்தால் வெறும் வயிறு இல்லை என்பதுதான்.